மெசின் எழுதினது எண்டு சொல்லிருங்க

கல்முனைக்குடி
2025 ஜூன் 4

நிந்தவூர் சகோதரி ஹுஸ்னியா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எமது கரைவாகு வாசகர் வட்டத்தின் சிறுகதைப் போட்டிக்கு நீங்கள் அனுப்பிய ‘ஐந்தாம் இலக்கம்’ என்ற கதை கிடைத்தது. வந்த கதைகள் அனைத்தையும் நடுவர் குழுத் தலைவர் என்ற முறையில் நானே வாசித்தேன். முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்து, பிரதிக் கல்விப் பணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஒரு கட்டுரையைக் கையில் எடுத்தால், பிள்ளை எழுதியதா, பிள்ளையின் வாப்பா எழுதிக் கொடுத்ததா என்று முதல் பந்தியிலேயே சொல்லிவிடுவேன். உங்கள் கதையை எழுதியது நீங்கள் இல்லை. செயற்கை நுண்ணறிவு.

காரணம் கேட்பீர்கள். கதையில் ஒரு பெண்ணின் கணவன் மௌத்தாகிவிடுகிறான். வெள்ளை உடுத்து, நான்கு மாதமும் பத்து நாளும் வெளியில் வராமல் ஓர் அறைக்குள் இத்தா இருக்கிறாள். பார்க்க வரும் பெண்கள் எல்லாம் அழுகிறார்கள், இவள் அழவில்லை. அவர்கள் போனதும் எழும்பிப் போய், கணவன் இருந்த காலமெல்லாம் இரண்டுக்கு மேல் போடவிடாத ஃபேனை ஐந்தில் போட்டுவிட்டு விடியும்வரை உறங்குகிறாள். அத்துடன் கதை முடிந்தது. எங்கள் ஊர்களில் இப்படி ஒரு பெண் இருப்பாளா? கணினிக்குக் கணவனும் இல்லை, கண்ணீரும் இல்லை. அதனால்தான் இரத்தமில்லாத இப்படி ஒரு சாமானை எழுதித் தள்ளியிருக்கிறது.

இன்னொன்று, கதையில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை. இந்தக் கரையில் பிழையில்லாமல் எழுதக்கூடியவர்கள் நான்கைந்து பேர். எல்லோரையும் எனக்குத் தெரியும். உங்களைத் தெரியாது.

என் மருமகனும் தொலைபேசியில் ஒரு செயலியில் போட்டுப் பார்த்தார். எண்பத்தேழு வீதம் இயந்திரம் என்று வந்தது.

இருந்தாலும் நீதி தவற விரும்பவில்லை. 14ஆம் திகதி சனிக்கிழமை காலை பொது நூலகத்துக்கு வாருங்கள். தலைப்பொன்று தருவோம். எங்கள் முன்னால் இருந்து ஒரு கதை எழுதிக் காட்டுங்கள். தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வரவும்.

இவ்வண்ணம்,
எம். அப்துல் ஸமட்


நிந்தவூர்
2025 ஜூன் 9

சேர்,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் நாள் வந்தது. பெருநாள் கழியட்டும் என்று பொறுத்தேன். பொறுத்தும் கோபம் தணியவில்லை, ஆகவே கோபத்துடனேயே எழுதுகிறேன்.

பிழையில்லாமல் எழுதினால் மெசினா? முப்பத்திரண்டு வருடம் நீங்கள் தமிழ் படிப்பித்த இலட்சணத்தை வேறு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது. இந்தக் கரையில் யாராவது ஒருவர் ஒழுங்காக எழுதிவிட்டால் உங்களாலேயே நம்ப முடியவில்லை.

எண்பத்தேழு வீதம் இயந்திரம் என்றால், மீதிப் பதின்மூன்று வீதம் யார் சேர்? அது நானாக இருக்கலாம். அந்தப் பங்குக்காவது ஓர் ஆறுதல் பரிசு தாருங்கள். உங்கள் மருமகனின் கணக்கை நான் மதிக்கிறேன்.

எங்கள் ஊர்களில் இப்படி ஒரு பெண் இருப்பாளா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தா இருக்கிற அறைக்குள் நீங்கள் எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்? அந்நிய ஆண் வாசல் சீலையைக்கூட விலக்க முடியாத இடம் அது. உள்ளே பெண்கள் அழுகிறார்களா, உறங்குகிறார்களா, சுவரைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று உங்களுக்கு யார் வந்து சொன்னது? வெளியில் கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் நீங்கள். உள்ளே நடப்பதைத் தீர்ப்பாகவும் சொல்கிறீர்கள்.

சனிக்கிழமை நான் வரமாட்டேன். வரவும் முடியாது. காரணத்தைச் சொல்ல விருப்பமில்லை. கதையை எழுதியது நான். அதைச் சொல்ல ஒரு வாய்தான் இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

ஹுஸ்னியா


கல்முனைக்குடி
2025 ஜூன் 17

சகோதரி ஹுஸ்னியா அவர்களுக்கு,

நூலகத்தில் நாங்கள் மூன்று பேர் பதினொரு மணிவரை காத்திருந்தோம். நீங்கள் வரவில்லை. காரணத்தையும் சொல்லமாட்டீர்களாம். களவு எடுத்தவன் பொலிசுக்கு வரமாட்டான் என்பது எங்களுக்குத் தெரியாத விசயம் இல்லை.

உங்கள் கடிதத்தின் துடுக்கைப் பார்த்தபோது அதையும் இயந்திரம்தான் எழுதியிருக்கும் என்று மருமகன் சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை.

உங்கள் அறிவுக்காக ஒன்று சொல்கிறேன். முதற்பரிசுக்குத் தெரிவான கதையும் கணவனை இழந்த பெண்ணைப் பற்றியதுதான். அவள் சுவரில் தலையை மோதிக் கதறுகிறாள், மூன்று தடவை மயங்கி விழுகிறாள். ஜனாஸாவைத் தூக்கும்போது ‘என்னையும் சேர்த்துக் கொண்டு போங்க’ என்கிறாள். வாசிக்கும்போது என் மூக்குக்கண்ணாடி நனைந்தது. மனிதர்கள் எழுதுவது அப்படித்தான் இருக்கும்.

கதையைத் திருப்பி அனுப்புகிறேன். கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறேன். ‘இக்கதை செயற்கை நுண்ணறிவினால் எழுதப்பட்டது’ என்று அதில் தட்டச்சு செய்திருக்கிறது. கையொப்பமிட்டு அனுப்பினால் விசயத்தை அத்துடன் மூடிவிடுவோம், யாருக்கும் தெரியவராது. அனுப்பாவிட்டால், ஜூலை 12ஆம் திகதி பரிசளிப்பு விழாவில் உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லி, கதையை மேடையில் முழுதாக வாசித்து, இயந்திர எழுத்தின் இலட்சணம் இதுதான் என்று இளம் எழுத்தாளர்களுக்கு விளக்குவேன்.

தெரிவு உங்களுடையது.

எம். அப்துல் ஸமட்


நிந்தவூர்
2025 ஜூன் 24

சேர்,

கதையைத் திருப்பி அனுப்பிய பெரிய உறையின் வெளிப்பக்கத்தில், சிவப்பு மையினால், ‘இயந்திரக் கதை – நிராகரிப்பு’ என்று எழுதியிருந்தீர்கள். தபால்காரர் அதை, என்னைப் பார்க்க வந்து வாசலில் நின்ற என் மதினியிடம் கொடுத்தார். நதீரா என்று பெயர், என் கணவரின் தங்கை. சிவப்பு எழுத்தைக் கண்டதும் ஏதோ வழக்கு என்று பயந்து அவரே கிழித்துப் பார்த்தார்.

வாசலுக்கு நான் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். நூலகத்துக்கு ஏன் வரவில்லை என்பதற்கும் அதுதான் பதில். என் கணவர் றிஸ்மி ஏப்ரல் மாதம் மௌத்தானார். நான் இத்தாவில் இருக்கிறேன். நான்கு மாதமும் பத்து நாளும் முடிய இன்னும் இருக்கிறது. அந்தக் கதையை இந்த அறையில் இருந்துதான் எழுதினேன். இந்தக் கடிதத்தையும் இங்கே இருந்துதான் எழுதுகிறேன், உம்மா கொண்டுபோய்த் தபாலில் போடுவா.

இதை முதலிலேயே எழுதியிருந்தால் நீங்கள் என் வெள்ளைச் சாறிக்குப் பரிசு தந்திருப்பீர்கள். அதனால்தான் எழுதவில்லை.

கல்முனை பஸாரில் இரும்புக்கடை வைத்திருந்த றிஸ்மி ஹாஜியாரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஊருக்கு நல்ல மனிதர், பள்ளிவாசலுக்கு அள்ளிக் கொடுத்தவர். கடையில் எல்லோருடனும் சிரித்துக் கதைப்பார். வீட்டில் நான் வாயைத் திறந்தால் கையை உயர்த்துவார், நான் நிறுத்திவிட வேண்டும். பதினொரு வருடம் அப்படி. ஒரு நாளும் அடித்ததில்லை. அடித்திருந்தால் ஊருக்குச் சொல்லவாவது ஒரு விசயம் இருந்திருக்கும்.

நதீரா என் கட்டில் நுனியில் இருந்து கதையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். முகத்தில் இரத்தமே இல்லை. எத்தனையாம் இலக்கத்தில் ஃபேன் ஓடுகிறது என்று நிமிர்ந்து பார்த்தார், நானும் பார்த்தேன். பிறகு உங்கள் தாளைக் கண்டார். அதைக் கண்டதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது.

“மெசின் எழுதினது எண்டு சொல்லிருங்க மச்சி. நாங்களும் அப்பிடியே நம்புறம். எங்கட உம்மாக்கும் நான் சொல்லிர்றன்” என்றார்.

நீங்கள் இருவரும் பேசிவைத்தது போல இருந்தது. உங்களுக்குத் தேவை ஒரு கள்ளி, அவருக்குத் தேவை ஒரு மெசின். கதையை எழுதிய பொம்பிளை மட்டும் யாருக்கும் தேவைப்படவில்லை.

என்னைப் பெரிய வீராங்கனை என்று நினைக்க வேண்டாம். பேனையை எடுத்தேன். மாமியின் முகம் நினைவில் வந்தது, ஊரின் வாய் நினைவில் வந்தது. ஒரு கையெழுத்துத்தானே, போட்டுவிட்டால் எல்லோரும் பழையபடி வந்து அழுவார்கள் என்று நினைத்தேன். ‘ஹு’ வரைக்கும் எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. என் வாழ்க்கையில் யாரும் கையை உயர்த்தி நிறுத்தாமல் நான் கடைசிவரை சொல்லி முடித்த ஒரே பேச்சு அந்தக் கதை. அதையும் மெசினுக்குக் கொடுத்துவிட்டு நான் எதை வைத்துக்கொள்வது?

கையொப்பம் வராது. மேடையில் வாசிப்பதாக இருந்தால் உங்கள் இஷ்டம். ஆனால் அப்படி வாசித்தால், இத்தாவில் இருக்கிற ஒருத்தியின் அறைக்குள் சபையையே கூட்டிக்கொண்டு வந்ததாக அர்த்தம். அது உங்கள் நீதியில் எத்தனை வீதம் என்று மருமகனிடம் கேளுங்கள்.

ஹுஸ்னியா


கல்முனைக்குடி
2025 ஜூன் 30

அன்பு மகள் ஹுஸ்னியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உங்கள் மடல் கண்டு உள்ளம் உடைந்தேன். மரணம் என்பது முடிவல்ல, அது மறுமையின் வாசல். பிரிவு என்பது வெறுமையல்ல, அது நினைவுகளின் பூந்தோட்டம். காலம் எனும் மருந்து உங்கள் காயத்தை ஆற்றட்டும். பொறுமை எனும் விளக்கு உங்கள் பாதைக்கு ஒளியூட்டட்டும். மர்ஹூம் றிஸ்மி ஹாஜியாரின் கப்று வாழ்வை அல்லாஹ் விசாலமாக்குவானாக.

உங்கள் கதையை மீண்டும் வாசித்தேன். முன்னர் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று வியப்பாக இருக்கிறது. அந்தப் பெண் அழாமல் இருக்கிறாளே, அங்கேதான் துயரம் உறைந்து கிடக்கிறது! ஃபேன் சுற்றுவது அவளுடைய தனிமையின் சுழற்சி. ஐந்து என்ற இலக்கம் மார்க்கத்தின் ஐந்து கடமைகளைக் குறிப்பால் உணர்த்துகிறது. விடியும்வரை உறங்குவது, கணவனுடன் தானும் மரித்துவிட்டதன் குறியீடு. நடுவர் குழுவைக் கூட்டி விளக்கினேன், இருவர் கண்கலங்கினார்கள். உங்களுக்கு விசேட பரிசு வழங்கவும், கதையைப் பரிசுக் கதைகளின் தொகுதியில் சேர்க்கவும் ஏகமனதாக முடிவு செய்தோம்.

இரண்டு சிறிய வேண்டுகோள்கள். கடைசிப் பந்தியில் தலையணை நனைந்திருந்ததாக ஒரு வரி சேர்த்தால் வாசகருக்குக் குழப்பம் வராது. கதைக்கு மேலே ‘இத்தாவில் இருக்கும் ஒரு சகோதரியின் உள்ளக் குமுறல்’ என்று போட அனுமதி தாருங்கள்.

துஆவுடன்,
அப்துல் ஸமட்


நிந்தவூர்
2025 ஜூலை 4

சேர்,

வெக்கை. வெக்கைக்குத்தான் ஃபேன். ஏப்ரல் மாதம், அடைத்த அறை, மேலே தகரம். அதில் ஒரு குறியீடும் இல்லை. ஐந்து கடமையும் இல்லை. அந்த ஃபேனில் ஐந்து வரைக்கும்தான் இலக்கம் இருக்கிறது.

கதையில் ஒரு எழுத்தை நான் மாற்றவில்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் அது இரத்தமில்லாத சாமான், மாதம் முடியும்போது உறைந்த துயரம். இடையில் நடந்தது ஒன்றுதான், என் புருசன் மௌத்தான விசயம் உங்கள் காதுக்கு வந்தது. அப்போ நீங்கள் வாசித்தது கதையை இல்லை, என் உடுப்பை. கண்கலங்கிய அந்த இரண்டு பேரிடமும் சொல்லுங்கள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை வாசிக்கட்டும். அவள் மரிக்கவில்லை. உறங்குகிறாள். நன்றாக உறங்குகிறாள்.

தலையணை நனையவில்லை. நனைந்தது என்று எழுதினால்தான் அது பொய், அதைத்தான் மெசினிடம் கேட்டு வாங்க வேண்டும். உள்ளக் குமுறல் என்று மேலே போட்டால் நான் குமுறுவேன், அதை நீங்கள் தாங்கமாட்டீர்கள். விசேட பரிசையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் அனுதாபம். ‘நினைவுகளின் பூந்தோட்டம்’, ‘பொறுமை எனும் விளக்கு’. இரண்டு முறை வாசித்தேன். அதை எழுதியது நீங்கள் இல்லை, மெசின். உங்கள் அளவுகோலையே எடுத்து அளந்தேன். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. இரத்தமும் இல்லை. றிஸ்மியின் பெயரை எடுத்துவிட்டு எவருடைய பெயரைப் போட்டாலும் பொருந்துகிறது. புருசனைப் பறிகொடுத்தவளுக்கு அனுதாபம் எழுதக்கூட மருமகனின் தொலைபேசி வேண்டியிருக்கிறது, அப்படிப்பட்ட நீங்கள் என்னிடம் ஆதாரம் கேட்டீர்கள். ‘இல்லை, நான்தான் எழுதினேன்’ என்பீர்களானால் நிரூபியுங்கள். நீங்கள் எழுதிக் காட்டுவதைப் பார்த்திருக்க, நூலகத்துக்கு வேண்டுமானால் உம்மாவை அனுப்பி வைக்கிறேன்.

ஹுஸ்னியா


கல்முனைக்குடி
2025 ஜூலை 7

ஹுஸ்னியா,

அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினேன்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதத் தொடங்கினேன், பொழுதுபட்டு மஃரிபுக்கு பாங்கு சொல்லும்வரை எழுதினேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். என் மகள் பார்த்தா. மகளின் சாட்சியை ஏற்பீர்களா என்று எழுத வந்தேன். உங்கள் உம்மா உங்களுக்குச் சாட்சி சொல்லியிருந்தால் நான் ஏற்றிருப்பேனா என்று யோசித்தபோது, ஏற்றிருக்கமாட்டேன் என்று தெரிந்தது. வேறு எப்படி நிரூபிக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கையெழுத்தைக் காட்டலாம். மெசின் சொல்வதைப் பார்த்து எழுதினேன் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

என் மனைவி மௌத்தாகி ஆறு வருடம். அன்று எனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. பூந்தோட்டம், விளக்கு எல்லாம் இருந்தது. அந்த நேரம் எனக்கு அவை தேவைப்பட்டன. உங்களுக்கும் தேவைப்படும் என்று நினைத்தேன். உங்களுக்கு அது சிரிப்பாகப் போய்விட்டது.

மருமகன் என் கடிதத்தின் பிரதியையும் செயலியில் போட்டுப் பார்த்தார். தொண்ணூற்று நான்கு வீதம் இயந்திரம் என்று வந்தது. அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே முதற்பரிசுக் கதையையும் போட்டுப் பார்ப்போமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் கதை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. புருசனைப் பற்றி அப்படி எழுதுகிறவளை என் வீட்டுப் பெண்களுடன் பழகவிடமாட்டேன். ஆனால் அது மெசின் எழுதியது என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது. மேடையில் வாசிக்கமாட்டேன். தொகுதியில் வரவேண்டுமென்றால் ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுவேன், பரிசு இல்லாமல். பெயர் போடாமல் ‘நிந்தவூரிலிருந்து ஒருவர்’ என்று மட்டும் போடலாம்.

அதைவிட ஒரு வழியும் இருக்கிறது. கதை இயந்திரத்தினால் எழுதப்பட்டது என்று வட்டத்தின் கடிதத் தலைப்பில் நானே எழுதி, முத்திரை குத்தி உங்கள் மதினிக்கு அனுப்பிவிடுகிறேன். பொய்தான். ஆனால் பணிப்பாளராக இருந்தவன் சொன்னால் உங்கள் மாமி வீட்டார் கேள்வி கேட்கமாட்டார்கள். நீங்களும் நிம்மதியாக இருக்கலாம். யோசித்துப் பதில் போடுங்கள்.

ஸமட்


நிந்தவூர்
2025 ஜூலை 10

சேர்,

அந்த அனுதாபக் கடிதத்தை நீங்கள்தான் எழுதினீர்கள் என்று நம்புகிறேன். ஆதாரம் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை எடுத்து வாசித்தேன், இப்போதும் மெசின் எழுதியது போலத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னீர்கள், நான் நம்புகிறேன், அவ்வளவுதான். உங்கள் மனைவிக்காக துஆ செய்தேன்.

உங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. நான் இன்னும் வெளியில் வரத் தொடங்கவில்லை.

முத்திரை குத்திய கடிதம் வேண்டாம். பிந்திவிட்டது. நேற்று நதீரா மாமியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாமி கட்டிலடியில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கதையை மெசின்தானே எழுதியது என்று மெதுவாகத்தான் கேட்டார். கேட்கும்போதே தலையை ஆட்டி எனக்குப் பதிலையும் சொல்லித் தந்தார். எனக்கு அந்த மனுசியில் இரக்கமாகத்தான் இருந்தது. அவரும் தன் மகனைப் பற்றி ஏதோ கொஞ்சம் தெரிந்தவர்தான்.

“இல்ல மாமி. நான்தான் எழுதின” என்றேன்.

மாமி கையை எடுத்துக்கொண்டார். உம்மா ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் இருவரும் எழும்பினார்கள். இது உம்மா வாப்பா எனக்குத் தந்த சீதன வீடு, என்னைப் போகச் சொல்ல அவர்களால் முடியாது. அவர்கள்தான் போகலாம். போய்விட்டார்கள். வாசல் சீலையை விலக்கிப் பிடித்துக்கொண்டு நதீரா திரும்பி நின்றார்.

“மெசின் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நாங்க மன்னிச்சிருப்பம் மச்சி” என்றார்.

ஆகவே ‘நிந்தவூரிலிருந்து ஒருவர்’ என்று போட வேண்டாம். ஹுஸ்னியா றிஸ்மி என்று முழுப்பெயரையும் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்திலேயே போடுங்கள், மாமிக்குக் கண் மங்கல்.

ஹுஸ்னியா